மேலே ஏறுவது எப்படி? - ஓடும் வீடுகளில் ஏணியின் கதை

சக்கரத்தின் மேல் வீடு கட்ட நினைத்தால் முதலில் பற்றாமல் போவது இடம்தான். தரையில் இடமில்லை என்றால் மேலே போக வேண்டியதுதான். ரயிலிலும் கேம்பர் வேனிலும் படுக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது இதனால்தான். ஆனால் மேல் படுக்கையை அமைத்தவர்கள், அதில் படுப்பவர் எப்படி ஏறி இறங்குவார் என்பதைக் கடைசியாகத்தான் யோசித்தார்கள். கேம்பர்களில் அந்த மேல் படுக்கை பெரும்பாலும் யாருக்குக் கிடைத்தது தெரியுமா? குழந்தைகளுக்கு!

ஏணி தூக்கிய மனிதர்கள்

ஓடும் வண்டியில் மேல் படுக்கையைப் பிரபலமாக்கியவர் அமெரிக்கரான ஜார்ஜ் புல்மேன். பகலில் கூரையோடு மடிந்து கிடக்கும், இரவில் கீழே இறங்கும் படுக்கைகள் இவருடைய ரயில் பெட்டிகளில் 1860களில் வந்தன. 1867ல் புல்மேன் கம்பெனி தொடங்கப்பட்டது. அந்தப் பெட்டிகளில் ஏணி நிரந்தரமாகப் பொருத்தப்படவில்லை. மேலே ஏற வேண்டுமானால் பெட்டியின் பணியாளர் ஏணியைக் கொண்டுவந்து வைப்பார். இறங்க வேண்டுமானால் மணியடித்து அவரை அழைக்க வேண்டும்.

அந்தப் பணியாளர்கள் கறுப்பின மக்கள். தொடக்க காலத்தில் அவர்களில் பலர் அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டவர்கள். குறைந்த சம்பளம், நீண்ட வேலை நேரம், தூக்கமில்லாத இரவுகள். 1925ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். 1937ல்தான் புல்மேன் கம்பெனி அந்தச் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. ஆக, மேல் படுக்கையை வசதியான ஒன்றாக ஆக்கியது இயந்திரமல்ல, தூங்காமல் விழித்திருந்த ஒரு மனிதரின் உழைப்பு என்பது குறிப்பிடத்தக்கது.

சாலைக்கு வந்த படுக்கை

குடும்பங்கள் சொந்தக் காரில் ஊர் சுற்றத் தொடங்கியபோது படுக்கைகளும் சாலைக்கு வந்தன. ஆனால் ஏணி பிடிக்க யாரும் கூட வரவில்லை.

1929ல் டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியல் அறிஞர் விடுமுறைக்காக ஒரு கூடார டிரெய்லரை வாங்கினார். சில நிமிடங்களில் விரித்துவிடலாம் என்று சொல்லி விற்கப்பட்ட வண்டி அது. மழை வந்தபோது விரிக்க முடியாமல் குடும்பமே நனைந்தது! வெறுத்துப்போன ஷெர்மன், சுவர்களும் கூரையும் கெட்டியாக உள்ள ஒரு சிறு டிரெய்லரைத் தாமே செய்வித்தார். அதற்குக் 'கவர்டு வேகன்' என்று பெயர் வைத்தவர்கள் அவருடைய குழந்தைகள். 1930ல் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் அது மற்றவர்களின் பார்வைக்கு வந்தது. 1930களின் நடுவில் அமெரிக்காவின் மிகப் பெரிய டிரெய்லர் நிறுவனங்களில் ஒன்றாக அவருடைய நிறுவனம் வளர்ந்திருந்தது. குடும்பத்துக்காகப் பிறந்த வண்டி என்பதால், எல்லோரையும் எங்கே படுக்க வைப்பது என்ற கேள்வியும் கூடவே பிறந்தது.

துணியில் ஒரு படுக்கை

ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் வேன் 1950ல் உற்பத்திக்கு வந்தது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் வைக்கும் படுக்கை, அலமாரிச் சாமான்களை விற்கத் தொடங்கியது. பெரியவர்கள் பின்பக்கம் படுத்தார்கள். குழந்தைக்கு? ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இரண்டு கம்பிகளில் இழுத்துக் கட்டிய துணிப் படுக்கை. ஏறக்குறைய நம் தூளியின் தம்பி! இங்கிலாந்தின் டோர்மொபைல் வேன்களில் கூரையின் ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும். அதற்குள் ஸ்ட்ரெச்சர் போன்ற இரண்டு படுக்கைகள்.

இவற்றில் ஏறக் குழந்தைகள் பயன்படுத்தியது இருக்கையின் முதுகையும் அலமாரியின் விளிம்பையும்தான். பின்னர் ஓட்டுநர் அறைக்கு மேல் நிரந்தரப் படுக்கை உள்ள பெரிய மோட்டார் ஹோம்கள் வந்தன. அப்போது கொக்கியில் மாட்டும் அலுமினிய ஏணியும் வந்தது. இடத்தை மிச்சப்படுத்த அது ஏறக்குறைய நேர்குத்தாக நிற்கும். படிகள் உருண்டைக் கம்பிகள். வெறுங்காலோடு ஏறினால் பாதம் வலிக்கும். நம் ரயிலில் அப்பர் பெர்த்துக்கு ஏறியவர்களுக்கு அந்த வலி புதிதல்ல.

சட்டம் வந்தது

வீடுகளிலும் அடுக்குக் கட்டில்கள் பெருகின. விழுந்து காயமடைந்த குழந்தைகள் ஒருபுறம். தடுப்புக்கும் மெத்தைக்கும் இடையே உடல் நழுவி, தலை சிக்கி இறந்த குழந்தைகள் மறுபுறம். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1999 டிசம்பரில் கட்டாய விதிகளை வெளியிட்டது. அவை 2000 ஜூனில் நடைமுறைக்கு வந்தன. முக்கியமானவை இவை:

* தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் உள்ள படுக்கைக்கு இரண்டு பக்கமும் தடுப்பு வேண்டும். சுவரோரம் போட்டிருந்தாலும்கூட!
* தடுப்பு, மெத்தையின் மேற்பரப்பைவிடக் குறைந்தது 5 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும்.
* குழந்தையின் உடல் நுழையக்கூடிய இடைவெளி இருக்கக் கூடாது. சோதனைக் கட்டையின் அகலம் 3.5 அங்குலம்.
* 6 வயதுக்குக் குறைந்தவர்களை மேல் படுக்கையில் படுக்க வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை ஒட்டப்பட வேண்டும்.

மெத்தையைத் தடிமனாக மாற்றினால் தடுப்பின் உயரம் தானாகக் குறைந்துவிடும் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

ஏணி மாறிய விதம்

ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். அதுவும் நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில், இருட்டில். ஏறும்போது அடுத்த படி கண்ணுக்குத் தெரியும். இறங்கும்போது காலால் துழாவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரியவரின் காலுக்கு எட்டும் படி குழந்தையின் காலுக்கு எட்டாது.

இதற்கான தீர்வுகள் மிக எளிமையானவை. உருண்டைக் கம்பிக்குப் பதில் தட்டையான, வழுக்காத, அகலமான படி. படிகளுக்கிடையே சமமான, குறைந்த தூரம். சற்றுச் சாய்வாக நிற்கும் ஏணி. நழுவாமல் பிடித்துக்கொள்ளும் கொக்கி, அடியில் ரப்பர். ஏறி முடிக்கும் இடத்தில் ஒரு கைப்பிடி. இரவில் மங்கலாக எரியும் சிறு விளக்கு. இடம் உள்ள வண்டிகளில் ஒவ்வொரு படியின் கீழும் இழுப்பறை உள்ள சிறு மாடிப்படியே வைக்கிறார்கள். ஏணி தின்னும் இடத்தைச் சாமான்கள் திருப்பித் தந்துவிடுகின்றன.

இவற்றில் எதற்கும் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. 1860களின் தச்சரே செய்திருக்க முடியும். செய்யாததற்குக் காரணம், அப்போது ஏணி பிடிக்க ஒரு மனிதர் மலிவாகக் கிடைத்தார். அவர் இல்லாமல் போன பிறகு அந்தச் சிரமம் குழந்தையின் தலையில் விழுந்தது. இனி ஒரு வண்டியிலோ வீட்டிலோ மேல் படுக்கையைப் பார்த்தால், அதன் மெத்தையை அமுக்கிப் பார்ப்பதற்கு முன் ஏணியைப் பாருங்கள். அதைச் செய்தவர் யாரை நினைத்துச் செய்தார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.