யாழ்ப்பாணக் குடாநாட்டில் அலுமினியக் கலப்புலோகங்களின் அரிப்பும் காப்புப் பூச்சும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அலுமினியக் கலப்புலோகங்கள் உப்புக்காற்றுக்கு அதிகம் ஆட்படுவது யன்னற் சட்டங்களிலும் மீன்பிடிப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களிலும்தான். வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே கடனீரேரி என்றிருப்பதால் சோழகக் காற்று, வாடைக் காற்று இரண்டும் உப்பைக் கொண்டுவருகின்றன. எதிரே இந்தியக் கரையிலுள்ள மண்டபம் என்ற ஊரில், 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (சிக்ரி) நிலையம் அமைத்து, கடற்காற்றில் உலோகங்கள் அரிபடும் விதத்தை ஆராய்ந்துள்ளது.

அலுமினியம் காற்றுப் பட்டதும் சில நானோமீற்றர் தடிப்பான ஒட்சைட்டுப் படலத்தைத் தானே உருவாக்கிக்கொள்ளும். அது கறள் பிடிக்காது என்ற பேச்சு இதனால் வந்தது, பாதிதான் உண்மை. உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தை ஆங்காங்கே துளைக்க, வெள்ளைத் தூளோடு குழிகள் விழுகின்றன. மக்னீசியத்தையே அடிப்படையாகக் கொண்ட கலப்புலோகங்களின் படலம் இன்னும் பலவீனமானது. அவை பூச்சின்றிக் கடலோரத்தில் நிலைப்பதில்லை.

இந்த அரிப்பைத் தடுக்கும் அனோடைசிங் முறையில் அலுமினியத்தை அமிலக் கரைசலில் அனோட்டாக வைத்து மின்சாரம் பாய்ச்சி, ஒட்சைட்டை 5 முதல் 25 மைக்றோன் வரை தடிக்கச் செய்து, அதன் நுண்துளைகளைக் கொதிநீரில் அடைப்பார்கள். 1923இல் பிரித்தானியாவில் இது கடல்விமானப் பாகங்களைக் காக்கவே பயன்படத் தொடங்கியது. கடலோர வீடுகளுக்குத் தடித்த படலமே ஏற்றது. மற்றொரு முறையான தூள் பூச்சில் பிசின் தூளைத் தெளித்து 200 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கி உருக்குவார்கள். நிறத்தைவிட அடியிலுள்ள இரசாயன முன்பூச்சே முக்கியம். முன்பு அதற்குக் குரோமேற்று பயன்பட்டது. அதிலுள்ள ஆறு வலுவளவுக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்குவதால் இப்போது தைத்தேனியம், சேர்க்கோனியம் சேர்மங்கள் அதன் இடத்துக்கு வருகின்றன.

எந்தப் பூச்சும் பெரும்பாலும் தோற்பது விளிம்பில்தான். சட்டத்தை வெட்டிய முனையிலும் திருகாணித் துளையிலும் வெற்று உலோகம் தெரியும். அரிப்பு அங்கே புகுந்து பூச்சுக்கு அடியில் புழுத்தடம்போல் ஊரும். சாதாரண இரும்புத் திருகாணி கறள் கட்டிப் பூச்சையும் கெடுக்கும். துருப்பிடியா உருக்கு ஆணியானாலும் இடையில் நைலோன் வளையம் வேண்டும். உருக்கும் அலுமினியமும் உப்புநீரில் தொட்டால் அலுமினியமே கரையும். ஈரச் சீமெந்தின் காரமும் ஒட்சைட்டைக் கரைப்பதால், சுவரின் சீமெந்துப் பூச்சு வேலை முடியும்வரை சட்டத்தின் காப்புத்தாளை உரிக்கக் கூடாது.

வெளியிணைப்பு இயந்திரத்தின் நீருக்குள் இறங்கும் பகுதிக்கு வர்ணம் மட்டும் போதாது. அதில் பொருத்தியிருக்கும் நாகக் கட்டி தான் கரைந்து அலுமினியத்தைக் காக்கிறது. அந்தக் கட்டியின்மேல் வர்ணம் பூசினால் பயன் போய்விடும். கட்டி பாதி கரைந்ததும் அதை மாற்ற வேண்டும். கடலிலிருந்து வந்ததும் இயந்திரத்தை நன்னீரால் அலச வேண்டும். செப்பு ஒட்சைட்டுக் கலந்த பாசித்தடுப்பு வர்ணம் அலுமினியத்துக்கு ஆகாது.