தேனிலவும் தேறலும்

வெளிநாட்டுப் படங்களில் அடிக்கடி வரும் காட்சி இது. கோடை விடுமுறை. காதலனும் காதலியும் காரை எடுத்துக்கொண்டு திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஒரு மலைச்சரிவுக்குப் போவார்கள். பிரான்ஸ் என்றால் போர்தோ, இத்தாலி என்றால் டஸ்கனி, அமெரிக்கா என்றால் நாபா. மாலை வெயிலில் உட்கார்ந்து ஆளுக்கொரு கோப்பை ஒயின். இதைப் பார்த்தவுடன் நம் வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "இதெல்லாம் மேல்நாட்டுக் கலாச்சாரம்பா, நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது நண்பர்களே. அதுவும் திருவண்ணாமலைக்குப் பக்கத்திலேயே. இங்கிருந்து பெங்களூர் சாலையில் சுமார் 35 கி.மீ. போனால் வரும் செங்கம்தான் அந்த ஊர். அதன் பழைய பெயர் செங்கண்மா. சங்க காலத்தில் நன்னன் சேய் நன்னன் என்ற குறுநில மன்னனின் தலைநகரம். அவனைப் பாடியதுதான் பத்துப்பாட்டில் கடைசியாக வரும் மலைபடுகடாம். 583 அடிகள். பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். உ.வே.சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சிட்டிருக்காவிட்டால் செங்கத்துக்கு இப்படி ஒரு பழைய கதை இருப்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்றும் ஒரு பெயர் உண்டு. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், வறுமையில் வாடும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். எந்தப் பக்கம் போனால் பாம்பு, எங்கே பன்றிக்கு வைத்த பொறி, எங்கே தினைப்புனம் காப்பவர்கள் எறியும் கவண்கல் வந்து விழும், இரவில் எங்கே தங்கலாம், அங்கே என்ன சாப்பிடக் கிடைக்கும் என்று எல்லாம் வரிசையாக வருகிறது. தமிழில் கிடைக்கும் மிகப் பழைய பயணக் கையேடு இதுதான் என்று தைரியமாகச் சொல்வேன் :)

சாப்பாட்டு விஷயம்தான் நமக்கு முக்கியம். மலையில் ஒரு சிற்றூர் வரும், தயங்கி நிற்காமல் உங்கள் வீடு மாதிரியே உள்ளே போங்கள் என்கிறான் வழி சொல்பவன். உறவினர் போலப் பேசி உபசரிப்பார்களாம். இறைச்சியும் தினைச்சோறும் கிடைக்கும். பிறகு குடிக்க ஒன்று வருகிறது. தேனால் செய்து மூங்கில் குழாயில் ஊற்றிப் பக்குவமாக முதிரவிட்ட கள்ளின் தெளிவு. அதைத்தான் தேறல் என்கிறார்கள். அது போதாதென்று நறவும் உண்டு. மறுநாள் காலையில் இந்த மயக்கம் தெளிய, பலாக்கொட்டை, புளி, மோர் எல்லாம் சேர்த்து மூங்கிலரிசியோடு சமைத்த உணவு. ஐரோப்பாவில் ஒயினை ஓக் மரப் பீப்பாயில் முதிரவைப்பதைப் பெரிய கலையாகச் சொல்கிறார்கள். ஜவ்வாது மலையடிவாரத்தில் அதே வேலையை மூங்கில் செய்திருக்கிறது. மரம் மாறியது, அவ்வளவுதான்.

இன்னும் சற்றுத் தள்ளி எனக்கு மிகவும் பிடித்த காட்சி வருகிறது. காலையிலேயே நறவு அருந்திய குறவர்கள் தங்கள் பெண்களோடு சேர்ந்து, மான்தோல் போர்த்த சிறுபறை முழங்க, வானத்தைத் தொடும் மலையுச்சியில் குரவை ஆடுகிறார்கள். மனைவிக்குத் தெரியாமல் ஒளிந்து குடிப்பது இல்லை. கணவனும் மனைவியும் ஒரே ஆட்டத்தில் இருக்கிறார்கள். அந்தச் சத்தமும் அருவி, யானை, வேடர் என்று மலையில் எழும் மற்ற ஓசைகளும் கலந்து எதிரொலிப்பதைத்தான் மலையாகிய யானைக்கு மதம் பிடித்ததாகக் கற்பனை செய்து நூலுக்கே பெயர் வைத்திருக்கிறார் புலவர்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது. கூத்தர்கள் உல்லாசப் பயணம் வந்தவர்கள் இல்லை. பசிக்குப் பிழைக்க நடந்தவர்கள். கூட வந்த விறலியரின் பாதங்கள் கல்லில் நடந்து நடந்து, ஓடி இளைத்த நாயின் நாக்கைப் போல ஆகிவிட்டன என்கிறது நூல். இந்த ஒரு உவமையைப் படித்த பிறகு "ஆஹா, சங்க காலம் பொற்காலம்" என்று வாய்கூசாமல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. விடுமுறையும் விருந்தும் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைத்ததில்லை, அன்றும் சரி, இன்றும் சரி.

வசதி படைத்தவர்கள் எப்படி அனுபவித்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் கடற்கரைக்கு இறங்க வேண்டும். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து இரவு வருகிறது. துணைவரோடு கூடிய பெண்கள் பட்டாடையை நீக்கி மெல்லிய துகிலை உடுத்துகிறார்கள். மட்டு என்ற பானத்தை ஒதுக்கிவிட்டு மது அருந்துகிறார்கள். அவனுடைய கண்ணியை அவள் சூட, அவளுடைய மாலையை அவன் அணிகிறான். மட்டை விட்டு மதுவுக்கு மாறினார்கள் என்றால், எது எந்த நேரத்துக்குப் பொருத்தம் என்று தெரிந்த ரசனை இருந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். பரிபாடலில் மதுரைக்காரர்கள் வையையில் புதுப்புனல் ஆடுகிறார்கள். நீராடி நடுங்கும் ஒரு பெண் உடம்பின் ஈரம் போக நறவை ஏந்துகிறாள். குடித்ததும் நெய்தல் பூப்போல இருந்த கண்கள் சிவந்துவிடுகின்றன. கலித்தொகையில் இளவேனில் வந்தால் வையைக்கரை களைகட்டும். பொருள் தேடிப் போன கணவன் இன்னும் வரவில்லையே என்று வீட்டில் ஒருத்தி புலம்புவாள்.

சரி, இதெல்லாம் தேனும் நெல்லும், திராட்சை ஒயின் எங்கே என்று கேட்பீர்கள். புறநானூறு 56ஆம் பாட்டில் நக்கீரர், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனிடம், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை வளையணிந்த பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர நீ மகிழ்ந்திருப்பாயாக என்று வாழ்த்துகிறார். அங்கே வரும் 'கலம்' கப்பலா, ஜாடியா என்று உரைகாரர்கள் பொருள் பிரிப்பார்கள். இரண்டுமே சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் அந்த ஜாடிகளே கிடைத்துவிட்டன. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய ஆம்போரா ஜாடித் துண்டுகள் வெளிவந்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவும் அங்கே அகழ்ந்தது. ஜாடிகளில் பல, கிரேக்கத்தின் கோஸ் தீவு பாணியைச் சேர்ந்தவை. கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பது வழக்கம். ஆக, நம் மன்னர்கள் பொற்கிண்ணத்தில் ரசித்துக் குடித்ததில் லேசாக உப்புக் கரித்திருக்கவும் கூடும்!

பிறகு இது எப்படி அவமானமாக மாறியது? சமண, பௌத்த அறங்கள் பரவின. திருக்குறளில் கள்ளுண்ணாமை என்று ஒரு முழு அதிகாரமே வந்தது. (அதே வள்ளுவர் காமத்துப்பாலில், கள் உண்டால்தான் மகிழ்ச்சி, காதலோ கண்டாலே மகிழ்ச்சி என்று ஒப்பிடுவதையும் கவனியுங்கள்.) ஆங்கிலேயர் 1886இல் சென்னை மாகாண ஆப்காரிச் சட்டம் கொண்டுவந்தார்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சினால் குற்றம் என்றானது. அரசுக்கு அது நல்ல வருமானம். 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1939இல் அது வட ஆர்க்காட்டுக்கும் வந்தது, 1948இல் மாகாணம் முழுவதும். 1971இல் தளர்த்தி, மீண்டும் பூட்டி, 1981இல் மறுபடி திறந்தார்கள். 1983இல் டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில்.

இங்கேதான் உண்மையான மாற்றம் இருப்பதாக நினைக்கிறேன். மலைபடுகடாத்தில் குடி, விருந்தோம்பலின் ஒரு பகுதி. உணவோடு, விருந்தினரோடு, மனைவியோடு நடந்தது. இன்று கடைவாசலில் நிற்பது பெரும்பாலும் ஆண்கள் மட்டுமே. அவர்கள் வாங்குவது பிராந்தியும் ரம்மும். வீட்டில் இருப்பவளுக்குக் கிடைப்பது காலிப் பர்ஸும் அடியும். மதுவிலக்குக் கேட்டுத் தெருவுக்கு வந்த பெண்களிடம் போய்ச் சங்க இலக்கியம் பேசுவது அநியாயம். அதே சமயம், பெண் ஒரு கோப்பையைத் தொட்டாலே தமிழ்ப் பண்பாடு போச்சு என்று கத்துபவர்கள் பட்டினப்பாலையைத் திறந்துகூடப் பார்த்ததில்லை என்பதும் உண்மைதான்.

இப்போதும் ஜோடியாகத் திராட்சை நாடு பார்க்க ஆசைப்படுபவர்கள் நாசிக் போகிறார்கள். 1990களின் இறுதியில் தொடங்கிய சுலா அங்கே பெரிய சுற்றுலா இடமாகிவிட்டது. ஆனால் கோடை விடுமுறைக்குப் போனால் ஏமாற்றம்தான். அங்கே அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. ஏப்ரலில் கொடிகளைக் கத்தரித்துவிடுவார்கள், மொட்டைக் கொடிக்குக் கீழே நின்றுதான் படம் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. பன்னீர் திராட்சை வருடம் முழுக்கக் கிடைக்கும். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பது அங்கே வழங்கும் செய்தி. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே ஓடும் சுருளியாறு போய்ச் சேர்வது எந்த ஆற்றில் தெரியுமா? பரிபாடல் பெண் நறவு குடித்துக் கண் சிவந்த அதே வையையில்.

நம் ஊர்க்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கோடையில் ஜமுனாமரத்தூரில் கோடை விழா நடக்கும், பீமன் அருவி இருக்கிறது. மூங்கில் தேறலை மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள், இன்று அது சட்டப்படி குற்றம். நூலில் நவிரம் என்று வருவது இன்றைய பர்வதமலை. உச்சியில் இருந்த காரியுண்டிக் கடவுளைப் புலவர் சொல்கிறார், இன்று அங்கே மல்லிகார்ஜுனர். சேயாறு என்பது செய்யாறு. மழை பொய்க்காத வருடத்தில் செங்கத்தை ஒட்டி ஓடுவதைப் பார்க்கலாம். ஊரில் ரிஷபேஸ்வரர் கோயிலுக்குள் போனால் கல்வெட்டுகளை விசாரியுங்கள். அவற்றில் ஒன்றில், நூல் பாடப்பட்டுப் பல நூறு ஆண்டுகள் கழித்தும், 'மலைகடாம்' என்ற பாட்டையும் நன்னனின் மலையையும் மறக்காமல் வெட்டி வைத்திருக்கிறார்கள்.