78 குழந்தைகள், ஒரு கட்டுரை

கண் மருத்துவ ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்பும் நண்பர்களைப் பார்த்தால், ஆய்வைக் காட்டிலும் அதை அனுப்பும் வேலையே பெரிதோ என்று தோன்றும். ஆசிரியர் பெயர்கள் தனித்தாளில் இருக்க வேண்டும். கட்டுரைக்குள் ஊரோ மருத்துவமனையோ தெரியலாகாது. நோக்கம், முறை, முடிவு எனப் பகுத்த சுருக்கம் குறித்த சொற்கணக்குக்குள் அடங்க வேண்டும். அறநெறிக் குழுவின் ஒப்புதல், நோயாளியின் இசைவு, பணம் தந்தவர் யார் என்ற அறிக்கை ஆகியவையும் உடன் செல்ல வேண்டும். இத்தனையும் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் முகமறியாத மதிப்பீட்டாளர்கள் இருவரோ மூவரோ கேட்ட கேள்விகள் திரும்பி வரும். அவற்றுள் ஒன்று பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு எங்கே?

இந்தக் கேள்வியை எவரும் கேட்காததால் அச்சேறிய ஒரு கட்டுரையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். கேட்டிருந்தால் அது ஆசிரியருக்கே திரும்பியிருக்கக் கூடும். திரும்பியிருந்தால் எத்தனை ஆண்டுகள் வீணாகியிருக்கும் என்று எண்ணும்போது சற்று நடுக்கமாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியைத் தவறென்றும் என்னால் சொல்ல இயலவில்லை.

கண் மருத்துவத்துக்கென்று தனி இதழ்கள் தழைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். பெர்லினில் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே என்ற இளம் மருத்துவர் 1854ல் ஓர் இதழைத் தொடங்கினார். அதன் முதல் தொகுதியின் பெரும்பகுதியை அவரே எழுதி நிரப்பினார். அவர் வரையில் ஆசிரியரும் மதிப்பீட்டாளரும் கட்டுரையாளரும் ஒருவரே! பிற்காலத்தில் இதழ்கள் பெருகியபோதும் நெடுங்காலம் வரை நடைமுறை எளிமையாகவே இருந்தது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் கட்டுரையைப் படிப்பார். மற்றவர்கள் எழுந்து நின்று தம் கருத்தைச் சொல்வார்கள். பிறகு அது சங்கத்தின் ஆண்டுத் தொகுதியில் அச்சாகும். கட்டுரைகளை வெளியாருக்கு அனுப்பி மதிப்பிடச் செய்யும் முறையை லண்டனின் 'லான்செட்' இதழே 1976ல்தான் நிலையாக ஏற்றுக்கொண்டது.

இந்தப் பழைய முறைப்படி, 1941 அக்டோபர் 15 அன்று மெல்போர்னில் ஆஸ்திரேலியக் கண் மருத்துவச் சங்கத்தின் முன் நார்மன் கிரெக் தம் கட்டுரையைப் படித்தார். கிரெக் 1892ல் சிட்னியில் பிறந்தவர். கிரிக்கெட்டிலும் டென்னிசிலும் பெயர் பெற்றவர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றி மிலிட்டரி கிராஸ் பதக்கம் வென்றவர். அப்போது சிட்னியின் குழந்தைகள் மருத்துவமனையில் கண் மருத்துவராக இருந்தார். ஆய்வுக்கூடமோ ஆய்வு நிதியோ அவரிடம் இல்லை. நோயாளிகளைப் பார்த்துப் பிழைக்கும் மருத்துவர் அவர், அவ்வளவே.

1941ன் தொடக்கத்தில் அவரிடம் பிறவிக் கண்புரையோடு குழந்தைகள் வரத் தொடங்கினார்கள். பிறவிக் கண்புரை அரிதெனினும் புதிதன்று. ஒன்றிரண்டு வந்திருந்தால் எவரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். இவர்களோ அடுத்தடுத்து வந்தார்கள். புரையின் தோற்றமும் வழக்கமானதாக இல்லை. கண்மணியின் நடுவே அடர்ந்த வெள்ளைப் படலம் நிறைந்திருந்தது. கருவிழித்திரை சூம்பியிருந்ததால் மருந்து விட்டாலும் கண்மணி முழுமையாக விரியவில்லை. சில குழந்தைகளுக்குக் கண்ணே சிறுத்திருந்தது. அவர்கள் எடை குறைந்து, பாலூட்டவும் அரும்பாடு படவேண்டிய நிலையில் இருந்தார்கள். பலருக்கு இதயத்திலும் குறை இருந்தது.

காத்திருக்கும் அறையில் இரு தாய்மார்கள் தமக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டே கிரெக் விழிப்படைந்தார் என்று அவரைப் பற்றி எழுதியோர் பலரும் சொல்வதுண்டு. கருவுற்றிருந்தபோது தங்களுக்கு ஜெர்மன் தட்டம்மை வந்ததாக அவர்கள் பேசிக்கொண்டார்களாம். கட்டுரையின் வாதமோ நாள் கணக்கின் மேல் நிற்கிறது. குழந்தைகளின் பிறந்த தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டார் கிரெக். கருவுற்ற தொடக்க மாதங்கள், 1940ல் ஆஸ்திரேலியாவில் அந்த அம்மை மிகக் கடுமையாகப் பரவிய காலத்தோடு ஒத்து வந்தன. அது போர்க்காலம். இளைஞர்கள் படை முகாம்களில் நெருக்கியடித்துத் தங்கினார்கள். விடுப்பில் வீடு திரும்பினார்கள். நோயும் அவர்களோடு வந்தது. புரை லென்சின் உட்கருப் பகுதியில் இருந்ததும் இக்கணக்கோடு பொருந்தியது. லென்சின் உட்பகுதி கருவின் முதல் வாரங்களில் உருவாவது; வெளிப்படலங்கள் பின்னரே அதன்மேல் அடுக்கடுக்காகச் சேர்கின்றன. எந்த அடுக்கில் பழுதிருக்கிறது என்பதைக் கொண்டே பழுது நேர்ந்த காலத்தை ஊகித்துவிடலாம். கண் மருத்துவர் ஒருவரே இதைக் கண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். குழந்தைகள் நல மருத்துவரின் முன் அந்தக் குழந்தை நோஞ்சானாக நின்றது. இதய மருத்துவர் காதில் விழுந்ததோ ஒரு முணுமுணுப்பு. கண்ணில் மட்டுமே காலம் எழுதப்பட்டிருந்தது.

கிரெக் தாம் கண்ட 13 குழந்தைகளோடு நிற்கவில்லை. பிற ஊர்களின் கண் மருத்துவர்களிடமும் விவரங்களைக் கேட்டுப் பெற்றார். மொத்தம் 78 குழந்தைகள் சேர்ந்தார்கள். அவர்களில் 62 பேருக்கு இரு கண்களிலும், 16 பேருக்கு ஒரு கண்ணிலும் புரை இருந்தது. 44 பேருக்கு இதயக் குறை. 68 குழந்தைகளின் தாய்மார்களுக்குக் கருக்காலத்தில் ஜெர்மன் தட்டம்மை வந்திருந்தது. அவர்களுள் பெரும்பாலோருக்கு அது வந்தது தொடக்க மாதங்களில். தாய்க்கு வந்த ஜெர்மன் தட்டம்மையைத் தொடர்ந்து குழந்தைக்கு ஏற்படும் பிறவிக் கண்புரை என்ற தலைப்பில், சங்கத் தொகுப்பின் மூன்றாம் தொகுதியில் பன்னிரண்டு பக்கங்களில் கட்டுரை வெளியானது.

அந்தப் பன்னிரண்டு பக்கங்களில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது ஓர் எச்சரிக்கை. இப்போது புலப்படாத வேறு குறைகள் இக்குழந்தைகளிடம் இருக்கலாம், அவை வளரும்போது வெளிப்படலாம் என்ற பொருளில் கிரெக் எழுதுகிறார். கைக்குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்பதைத் தாய்கூட உடனே அறிய மாட்டாள். இரண்டே ஆண்டுகளில், 1943ல், அடிலெய்டில் சார்லஸ் ஸ்வானும் அவருடைய தோழர்களும் வெளியிட்ட ஆய்வு அந்த எச்சரிக்கையை மெய்யாக்கியது. செவிட்டுத்தன்மையும் சிறுத்த தலையும் பட்டியலில் சேர்ந்தன.

ஆஸ்திரேலியாவுக்கு வெளியே எல்லோரும் இதை ஏற்றுவிடவில்லை. பிறவிக் குறை என்றால் பரம்பரைதான் என்று நம்பிய காலம் அது. கருப்பை ஒரு கோட்டை, தாயின் சிறுநோய்கள் அதனுள் புகா என்பதே பொதுவான எண்ணம். அம்மைகளிலேயே மிகச் சாதுவானது ஜெர்மன் தட்டம்மை. மூன்று நாள் தடிப்பு, இலேசான காய்ச்சல், பிறகு ஒன்றுமில்லை. அதுவா குழந்தையின் கண்ணைப் பறிக்கும்? 1944ல் 'லான்செட்' இதழ், கிரெக் சொல்வது நடந்திருக்கக் கூடியதே எனினும் அவர் அதை நிறுவிவிட்டதாகக் கொள்ள முடியாது என்ற தொனியில் எழுதியது.

இதனைச் சிலர் லண்டனின் செருக்கு என்று எழுதுகிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. கிரெக் பார்வையிழந்த குழந்தைகளிலிருந்து தொடங்கித் தாயிடம் போனார். நோய் வந்தும் நலமான குழந்தையைப் பெற்ற தாய் கண் மருத்துவரிடம் ஏன் வரப்போகிறாள்? மழையில் நனைந்தவர்களுள் காய்ச்சல் கண்டவரை மட்டும் மருத்துவமனையில் எண்ணிவிட்டு, நனைந்தால் காய்ச்சல் உறுதி என்று கூறுவது போன்றதாகிவிடும். மேலும், குறையுள்ள பிள்ளையைப் பெற்றவள் தன் கருக்காலத்தின் ஒவ்வொரு நாளையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பாள். மற்றவள் மறந்திருப்பாள். இன்றைய மதிப்பீட்டாளர் கேட்கும் கேள்வியை அன்று அச்சான பின்பு 'லான்செட்' கேட்டது. வேறுபாடு அவ்வளவுதான்.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஆலிவர் லங்காஸ்டர் என்ற ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் பழைய மக்கள்தொகைக் கணக்கேடுகளைப் புரட்டினார். 1911ன் கணக்கில் 10 முதல் 14 வயதுக்குள் காது கேளாதோர் மிகுந்திருந்தார்கள். 1921ல் அதே புடைப்பு 20 முதல் 24 வயதுக்கு நகர்ந்திருந்தது. 1933ல் அதற்கும் மேலே. ஒரு குறிப்பிட்ட ஆண்டையொட்டிப் பிறந்த ஒரு கூட்டம், கணக்கெடுப்புகளின் ஊடே மூப்படைந்துகொண்டே சென்றிருக்கிறது. பள்ளிப் பதிவேடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த ஆண்டு 1899 என்று தெரிந்தது. அம்மைப் பரவலோடு இதனைப் பொருத்தி 1951ல் அவர் வெளியிட்டார். கிரெக்குக்கு ஏழு வயதாக இருந்தபோதே தரவு பிறந்துவிட்டது, படிப்பதற்குத்தான் ஆளில்லை.

கதை அத்துடன் நேர்கோட்டில் போகவில்லை. நோய் வந்த தாய்மார்களை முதலில் பதிந்துகொண்டு, பின் அவர்கள் குழந்தைகளைக் கவனித்த முன்னோக்கு ஆய்வுகள் ஐம்பதுகளில் வந்தன. அவற்றில் ஆபத்து கிரெக்கின் கணக்கு உணர்த்தியதைவிடக் குறைவாகவே தெரிந்தது. மதிப்பீட்டாளர் வென்றார் என்று அன்று எவரேனும் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் தடிப்பைக் கண்ணால் மட்டுமே பார்த்து ரூபெல்லா என்று சொன்னால் வேறு தடிப்புகளும் கலந்துவிடும். வைரஸ் 1962ல் பிரித்தெடுக்கப்பட்ட பின்னரே இரத்தப் பரிசோதனை கைகூடியது. அதன் துணையோடு பிரிட்டனில் நடந்த ஆய்வு 1982ல் வெளியானது, அதே 'லான்செட்' இதழில். தடிப்புடன் ரூபெல்லா வந்த தாய்மார்களில், முதல் 12 வாரங்களுக்குள் எனில் 80 விழுக்காட்டுக்கும் மேல் கருவுக்குத் தொற்றியிருந்தது. 11 வாரங்களுக்கு முன் தொற்றிய குழந்தைகள் அனைவரிடமும் குறை காணப்பட்டது. பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுப்பிய அச்சம் மிகையன்று என்பது நாற்பதாண்டுகளுக்குப் பின் உறுதியாயிற்று.

நம் நாட்டுக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. ஜெர்மானியச் சொல் நாவுக்கு வசப்படாமல் முரடாக இருக்கிறது என்று 'ரூபெல்லா' என்ற பெயரை 1866ல் முன்மொழிந்த ஹென்றி வீல், இந்தியாவில் பணியாற்றிய இராணுவ மருத்துவர். இங்கே ஒரு சிறுவர் பள்ளியில் பரவிய நோயைத்தான் அவர் எடின்பரோ இதழுக்கு எழுதியனுப்பினார். 130 ஆண்டுகள் கழித்து, 1996ல், தென்னிந்தியக் குழந்தைகளின் கண்புரைக்கான காரணங்களைப் பற்றி மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்த ஆய்வு பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு வயதுக்குட்பட்ட கண்புரைக் குழந்தைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ரூபெல்லாவே காரணம் என்றது அது. தடுப்பூசி 1969லேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றிருந்தது என்பதை நினைத்தால் இந்த எண் வலிக்கிறது.

2017 பிப்ரவரியில் இந்திய அரசு தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கத்தை முதலில் தொடங்கிய மாநிலங்களுள் தமிழகமும் ஒன்று. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளிகளிலேயே ஊசி போடப்பட்டது. கைப்பேசிகளில் அப்போது பரவிய வதந்திகளைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோர் பலர் அஞ்சிப் பின்வாங்கியதால், இங்கு இயக்கத்தின் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. காத்திருப்பறைப் பேச்சு ஒன்று நோயைக் காட்டிக்கொடுத்தது. கைப்பேசிப் பேச்சு ஒன்று மருந்தைத் தள்ளிப்போட்டது.

கிரெக்குக்கு 1953ல் சர் பட்டம் கிடைத்தது. 1964, 65 ஆண்டுகளில் அமெரிக்காவில் ரூபெல்லா பேரளவில் பரவி, சுமார் 20,000 குழந்தைகள் பிறவிக் குறைகளோடு பிறந்ததையும் அவர் உயிரோடிருந்து கேள்விப்பட்டிருப்பார். 1966 ஜூலையில் அவர் காலமானார். தடுப்பூசி வர இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன. அவருடைய 78 குழந்தைகளில் பிழைத்திருந்தோர் அப்போது இருபத்தைந்து வயதை எட்டியிருப்பார்கள்.