காற்றுக்குக் காத்திருந்த மாதங்கள்



ஏரியும் நெல்வயலும் சூழ்ந்த ஐயங்கார்குளத்தில் வாழும் நமக்குக் கடல் சற்றுத் தொலைவுதான். ஆயினும் தமிழ் முஸ்லிம்களின் தொடக்க வரலாறு பாய்மரக் கப்பல்களோடு பிணைந்தது. ‘மாலுமி’ என்னும் சொல் ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லின் திரிபு என்பர். மதரஸாவில் ஆசிரியரைக் குறிக்கும் அச்சொல், கப்பலில் வழியறிந்து செலுத்துபவரைக் குறித்தது. ‘சுக்கான்’ என்பதும் அரபுவழி வந்ததே.

பாய்மரக் கப்பல் தான் விரும்பிய நாளில் புறப்பட இயலாது. தென்மேற்குப் பருவக்காற்று அதனை அரபுக் கரையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரும். திரும்பிச் செல்ல வடகிழக்குக் காற்று வீச வேண்டும். இடைப்பட்ட மாதங்களைக் கப்பலோட்டிகள் துறைமுகத்திலேயே கழித்தனர். ஹுர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் காயலுக்கு வந்ததை, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பதிவு செய்துள்ளார்.

அம்மாதங்கள் வெறும் ஓய்வாகக் கழியவில்லை. அன்றைய அரபுக் கப்பல்களின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. தளர்ந்த தையலை இறுக்குதல், பாய்களைச் செப்பனிடுதல், குடிநீர் சேர்த்தல் என வேலைகள் இருந்தன. 1342ஆம் ஆண்டளவில் கோழிக்கோடு வந்த இப்னு பதூதா, அங்கே 13 சீனக் கப்பல்கள் நின்றதைக் கண்டார். அவற்றுள் பெரியவற்றில் 1,000 பேர் பணியாற்றினர் என்றும், மாலுமிகள் பிள்ளைகளோடு கப்பலிலேயே குடியிருந்து மரத்தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் வளர்த்தனர் என்றும் எழுதுகிறார். சீனம் செல்லும் பருவத்திற்காக அவரும் மூன்று மாதம் அங்கே தங்கினார்.

இத்தகைய தங்கல் ஒரு மார்க்கக் கேள்வியையும் எழுப்பியது. கரையில் தங்கியவர் பயணியா, உள்ளூர்வாசியா? ஷாஃபி மத்ஹபின்படி, வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்க நான்கு நாள் தங்க எண்ணியவர் தொழுகையைச் சுருக்குவதில்லை. இன்றோ நாளையோ காற்று வீசும் என எதிர்பார்த்திருப்பவருக்கு 18 நாள் வரை சலுகை உண்டு. ஹனஃபி மத்ஹபில் தங்கும் எண்ணத்தின் எல்லை 15 நாள். பருவம் மாற மாதங்கள் உண்டென அறிந்த மாலுமி, நான்கு ரக்அத்தையும் நிறைவாகத் தொழவேண்டியவரானார். ஜும்ஆவும் அவர்மீது கடமையாயிற்று. எனினும் ஷாஃபி மத்ஹபில் ஜும்ஆவுக்குத் தேவையான 40 பேரில் அவர் எண்ணப்படமாட்டார். கோடையிலும் குளிரிலும் ஊரைவிட்டு நீங்காத நிலையான குடிகளே அதில் சேர்வர். ஆகவே காற்று வீசியும் திரும்பாமல், மணமுடித்துக் குடியமர்ந்தவர்களாலும் இஸ்லாத்தைத் தழுவிய உள்ளூர் மக்களாலுமே துறைமுகத்து ஜும்ஆ நிலைபெற்றிருக்க முடியும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊரார் ஷாஃபி மத்ஹபையும், உள்நாட்டினர் பலர் ஹனஃபி மத்ஹபையும் பின்பற்றுவதில் அக்கடல்வழித் தொடர்பின் தடம் இன்றும் தெரிகிறது.

அயலார் அச்சமின்றித் தங்க எது துணைநின்றது? நம்பிக்கையே. 1442இல் கோழிக்கோடு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரஸ்ஸாக், வணிகர்கள் சரக்கைக் கடைவீதியில் இறக்கிவிட்டுக் கவலையின்றி இருந்ததைக் குறிப்பிடுகிறார். சுங்க அதிகாரிகளே அதைக் காத்தனர். விற்றால் நாற்பதில் ஒரு பங்கு வரி, விற்காவிட்டால் ஒன்றுமில்லை. அதற்கு நூறாண்டு முன்பு, இப்னு பதூதா ஜும்ஆவுக்காகக் கரையில் தங்கியிருந்தபோது புயலில் பெரிய கப்பலொன்று சிதைந்தது. கரையொதுங்கிய பொருளை மக்கள் கவராதவாறு மன்னரின் காவலர் தடுத்தனர். மலபாரின் பிற இடங்களில் அத்தகைய பொருள் அரசுக்குரியது. கோழிக்கோட்டிலோ உரியவருக்கே சேர்ந்தது. அந்நகரம் செழித்ததற்கு இதுவே காரணம் என்கிறார் அவர். மன்னர் சாமூத்திரி முஸ்லிம் அல்லர். அமானிதத்தைப் பேணுவதை மார்க்கமாகக் கற்ற நாம் இதனை மனத்தில் இருத்தவேண்டும்.

இன்று ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலைப் பணிக்கு வந்த வடமாநில இளைஞர்கள் நம் பள்ளிவாசல்களின் கடைசி வரிசையில் நின்று தொழுகின்றனர். நம் பிள்ளைகளும் வளைகுடா நாடுகளில் அவ்வாறே நிற்கின்றனர். வந்தவருக்கு முகமலர்ந்து ஸலாம் சொல்லுவோம்; வாடகை முன்பணத்தைக் குறைக்காமல் திருப்பித் தருவோம்; கூலியைக் காலத்தில் கொடுப்போம். காற்றுக்குக் காத்திருந்தவர்களை ஏற்ற ஒரு கரையால்தான் நம் சமுதாயம் உருவாயிற்று.

வல்ல அல்லாஹ் நம்மை அமானிதம் பேணுவோராக ஆக்கியருள்வானாக. ஆமீன்.