ஒட்டுத்துணித் திண்டின் வரலாறு



தெலுக் இந்தான் சுற்றுவட்டாரத் தோட்ட வீடுகள் பலவற்றில், முன்னறை நாற்காலியின் மேல் ஒரு சிறு திண்டு சாய்த்து வைக்கப்பட்டிருந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பூப்போட்ட துணி, கோடு போட்ட துணி, பள்ளிச் சீருடையின் நீலத் துணி என்று பலவற்றையும் சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி ஒட்டுப்போட்டு, ஓரத்தில் சுருக்கம் வைத்துத் தைத்தது அது. "மிச்சத் துணியை வீணாக்காமல் தைத்தார்கள்" என்று அதைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். ஆனால், மிச்சத் துணி என்பது எங்கிருந்து வந்தது?

நம் மூதாதையர் உடுத்திய சேலையும் வேட்டியும் வெட்டாத துணிகள். தறியில் எவ்வளவு நெய்தார்களோ அவ்வளவையும் அப்படியே உடுத்தலாம். வெட்டினால்தானே மிச்சம்? ரவிக்கைத் துணியில் விழுவது விரலகலம்தான். சேலை கிழிந்தால் குழந்தைக்குத் தொட்டிலாகும், பிறகு விரிப்பாகும், கடைசியில் அடுப்படித் துணியாகும். தலையணையோ நமக்குப் பழைய பொருள். நெடுநல்வாடை பாண்டிமாதேவியின் கட்டிலைச் சொல்லும்போது அன்னத் தூவி அணையையும் சொல்கிறது. ஆனால் தைத்து மிஞ்சிய துண்டுகளால் ஆன அலங்காரத் திண்டு, துணியை வெட்டித் தைக்கும் வீட்டில்தான் பிறக்க முடியும். தோட்டத்து லயத்தில் அப்படிப்பட்ட வீடு வெகுகாலம் இருக்கவில்லை.

காரணம் கூலி. முக்கிய மாவட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த கூலி, ரப்பர் விலை வீழ்ந்தபோது, 1930இல், 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பெண்ணும் மரம் வெட்டினாள், பாலும் சுமந்தாள். கணக்கில் மட்டும் எட்டுக் காசு குறைவு! மலாயாவுக்கு வேண்டிய துணியோ பெரும்பாலும் கப்பலில்தான் வந்தது. இங்கிலாந்து, இந்தியா, ஜப்பான் ஆகிய நாடுகளின் சரக்குகள் அவை. மலிவான ஜப்பானியத் துணிக்கு 1934இல் ஆங்கில அரசு இறக்குமதி வரம்பு விதித்தது. லங்காஷயர் ஆலைகளைக் காக்கச் செய்த ஏற்பாடு அது. மலிவுத் துணியை நம்பியிருந்த ஏழையைப் பற்றி அங்கே யார் நினைத்தார்கள்?

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. கப்பல் நின்றது, துணியும் நின்றது. தோட்டங்களில் கோணிச் சாக்கை உடுத்திக்கொண்டு வேலைக்குப் போன காலம் அது. ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டதும் அப்போதுதான். ஒரு சாண் துணியைக்கூடத் தூக்கி எறியாத பழக்கம் நம் பாட்டிமாரிடம் வேரூன்றியது அந்த மூன்றரை ஆண்டுகளில் என்றே நான் கருதுகிறேன். அந்த நாளின் துண்டுகள் திண்டாகவில்லை. உடம்பை மூடவே போதவில்லை.

போருக்குப் பிறகு நிலை மாறியது. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாகி, கூலிப் பேச்சு வலுப்பெற்றது. பெண் பிள்ளைகள் கவுன் அணிந்து பள்ளிக்குப் போனார்கள். தையல் இயந்திரமும் லயத்துக்குள் வந்தது. அமெரிக்கரான ஐசக் சிங்கர் 1851இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தை, அவருடைய நிறுவனம் 1856 முதலே தவணை முறையில் விற்றது. கையில் மொத்தப் பணமில்லாதவரும் வாங்க வழி செய்த அந்த முறை, உலகெங்கும் ஏழை வீடுகளுக்குள் இயந்திரத்தைக் கொண்டு சேர்த்தது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இயந்திரம் வைத்திருந்த அக்காவின் வீட்டில் இரவெல்லாம் விளக்கெரியும். கவுன் வெட்டும்போது கழுத்தும் அக்குளும் பிறைபோல் வளைந்து விழும். அடியில் நீளக் கீற்று மிஞ்சும். வளைவுகளைச் சதுரமாக்குவதுதான் கடினம். அதற்குக் கணக்கு வேண்டும்! முன்பக்கம் இந்த ஒட்டுகள், பின்பக்கம் மாவு மூட்டையின் வெள்ளைத் துணி, அவ்வளவுதான்.

உள்ளே திணித்தது இலவம் பஞ்சு. மலாய் மொழியில் கெக்காபு. அதன் இழை வழுவழுப்பானது. எளிதில் நூலாக நூற்க வராது. ஆகவே திணிக்கத்தான் பயன்பட்டது. அதில் நீர் ஒட்டாது, மிதக்கும். அதனால் கப்பல்களில் உயிர்காப்புச் சட்டைக்குள்ளும் அதையே அடைத்தார்கள். 1942இல் ஜாவா ஜப்பானியர் வசமானதும் அமெரிக்காவுக்கு இலவம் பஞ்சு வருவது அற்றுப்போனது. 1944இல் அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள், நம் எருக்கின் உறவான ஒரு செடியின் காய்களை மூட்டை மூட்டையாகப் பொறுக்கி அனுப்பினார்கள். நம் லயத்துப் பிள்ளைகள் பொறுக்கிய பஞ்சுக்கு உலகில் இப்படியும் ஒரு மதிப்பு இருந்தது.

இந்தத் திண்டு குறைந்துபோனதற்குச் சோம்பல் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். ஆயத்த ஆடை வந்தபின் வெட்டுத் துண்டுகள் தொழிற்சாலையிலேயே தங்கிவிட்டன. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின. வீட்டைக் காலி செய்து பட்டணத்துக்குப் போகும் நாளில் லாரியில் முதலில் ஏறுவது பீரோ. கடைசியில் குப்பையில் விழுவது பழைய திண்டு. தோட்டத்து ஏடுகளில் பாலின் எடை இருக்கிறது, பேர்போட்ட நாள்களும் இருக்கின்றன. அந்தப் பெண் எந்த ஆண்டு தன் மகளுக்கு என்ன நிறத்தில் கவுன் தைத்தாள் என்பது அவற்றில் இல்லை.

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ பாட்டி வீட்டிலோ அப்படி ஒன்று இருந்தால் பிரித்துவிடாதீர்கள். வெயிலில் காயவைத்துப் பாட்டியின் அருகில் உட்காருங்கள். ஒவ்வொரு துண்டாகத் தொட்டு, இது யாருடைய சட்டை, எந்தத் தீபாவளி, துணி எந்தக் கடையில் வாங்கியது என்று கேளுங்கள். சொன்னதை ஒரு தாளில் எழுதி, உறையின் வாயைத் தைக்குமுன் உள்ளே வைத்துவிடுங்கள்.