இரண்டாம் ஆட்டம்: ராத்திரி யாருக்குச் சொந்தம்?

'வார இறுதி' என்ற சொல் நம்முடையதல்ல. வாரம் என்று ஒன்று இருந்து, அதற்கு ஓர் இறுதி இருந்து, அந்த நேரத்தில் வேலையிலிருந்து உடம்பை விலக்கிக்கொள்ளும் உரிமையும் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. பெருநகரத்தில் சனிக்கிழமை ராத்திரியை எப்படிக் கழிக்கலாம் என்று பத்திரிகைகள் பட்டியல் போடுகின்றன: சினிமா, ஓட்டல், கடற்கரை, பாட்டுக் கச்சேரி. போடட்டும். சந்தோஷத்துக்கு நாம் விரோதி இல்லை. ஆனால் ராத்திரி யாருக்கு எப்போது கிடைத்தது, என்ன விலை கொடுத்துக் கிடைத்தது என்பதை அந்தப் பட்டியல்கள் கேட்பதில்லை. சுவாமிமலைப் பக்கத்துச் சேரியில் பிறந்தவன் என்ற முறையில் நான் கேட்கிறேன்.

இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை தானாக வந்ததல்ல. பம்பாய் மில் தொழிலாளிகளைத் திரட்டி 1890ல் அதை வாங்கித் தந்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர். வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்ற கோரிக்கை சாதி எதிர்ப்பு இயக்கத்தின் மடியிலிருந்து வந்தது என்பதை நம் தொழிற்சங்க வரலாறுகள் அழுத்திச் சொல்வதில்லை. 1948ல் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை உறுதி செய்தது. அது ஆலைக்கு. வயலுக்கு ஞாயிறு வரவில்லை. தஞ்சை ஜில்லாவில் பண்ணையாளின் காலண்டர் தண்ணீர்தான். 1934ல் மேட்டூர் அணை வந்த பிறகு, அதன் மதகு திறப்பதை வைத்துத்தான் குறுவை, சம்பா, தாளடி என்று உடம்பு நகர்ந்தது. வேலை இல்லாத நாள் ஓய்வு நாள் அல்ல. அது பட்டினி நாள்.

பகல் ஆண்டேயுடையது. ராத்திரியாவது நம்முடையதா? களத்தில் நெல்லுக்குக் காவல் படுப்பது, மடை பார்ப்பது, சாவுச் சேதி சொல்ல ஊர் ஊராக ஓடுவது, விடிய விடிய தப்படிப்பது, இதெல்லாம் ராத்திரி வேலை. ஊரின் துக்கத்துக்கும் விசேஷத்துக்கும் கண்விழித்தவர்கள் நாம். நமக்காகக் கண்விழித்தது எப்போது?

இதே தஞ்சைப் பகுதியில் மெலட்டூரில் பாகவத மேளம் உண்டு. நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி ராத்திரியெல்லாம் நடக்கும். வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய நாடகங்களைப் பிராமண ஆண்களே பெண்வேடமும் கட்டி ஆடுவார்கள். கலை விமர்சகர்கள் அதைப் போற்றுகிறார்கள், பாட்டும் அபிநயமும் உயர்ந்தவை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அக்கிரகாரத் தெருவில் நடக்கும் ஆட்டத்தை அந்தத் தெருவில் கால்வைக்க முடியாதவன் எங்கே நின்று பார்த்திருப்பான்? பொதுத்தெருவிலும் பொதுக்கிணற்றிலும் தாழ்த்தப்பட்டோருக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேற்ற 1924 வரை ஆயிற்று. தீர்மானம் கோட்டையில் நிறைவேறியது. தெரு உடனே திறந்துவிடவில்லை. ராத்திரி உல்லாசத்துக்கு முதல் தேவை பணம் அல்ல, நடந்துபோகத் தெரு.

இந்த நிலையில்தான் சினிமா வந்தது. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரும் படங்களும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். 1931ல் 'காளிதாஸ்' பேசியது. அப்புறம் டூரிங் டாக்கீஸ்கள் பெருகின. தமிழர் எல்லாரும் ஒரே கூரைக்கு அடியில் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது சாதிப்படி அல்ல, டிக்கெட் வாங்கும் சக்தி என்று கா. சிவத்தம்பி 1981ல் வெளிவந்த தன் ஆய்வில் சொன்னார். பெரிய அவதானிப்பு அது. பலரும் எடுத்தாள்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் டெல்டாவில் நின்று பார்த்தால் அதற்குள் ஒரு முடிச்சு இருக்கிறது.

பண்ணையாளுக்குக் கூலி நெல். படியாலும் மரக்காலாலும் அளந்து போடுவார்கள். கொட்டகை கேட்டது காசு. எங்கள் பெரியம்மா இதை ஒரே வரியில் சொல்லும்: "அவன் அளக்குறது நெல்லு, இவன் கேக்குறது நாலணா. நெல்லக் குடுத்தா டிக்கெட்டுக் கிழிப்பானா?" சிவத்தம்பி சொன்ன 'வாங்கும் சக்தி' எங்கள் பக்கத்தில் சாதிக்கு மாற்றாக வரவில்லை; சாதி அளந்துபோட்ட கூலியின் வழியாகத்தான் வந்தது. நாணயமே ஒரு வேலியாக நின்றது.

அந்த வேலியைச் சனங்கள் எப்படித் தாண்டினார்கள் என்பதுதான் நம் வரலாறு. புல்லுக்கட்டு விற்றார்கள். வயல் நண்டும் நத்தையும் வாய்க்கால் மீனும் பிடித்து விற்றார்கள். கூலி நெல்லில் அரைப்படியை ஒதுக்கிக் கடையில் போட்டுக் காசாக்கினார்கள். தை அறுப்பு முடிந்து கையில் நாலு காசு புரளும்போது, நடவுக் கூட்டத்துப் பொம்பளைங்க எட்டுப் பத்துப் பேராகச் சேர்ந்து, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தரை டிக்கெட்டுக்குப் போனார்கள். வயசுப் பையன்கள் கும்பகோணத்துக்கே இரண்டாம் ஆட்டம் போனார்கள். சுவாமிமலையிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர். தண்டவாளத்தை ஒட்டியே நடை. திரும்பும்போது ஊர்த் தெருவுக்குள் வராமல் வரப்பைப் பிடித்துச் சேரிக்கு வருவது. பாட்டு வாயில் இருக்கும், சத்தம் வெளியில் வராது.

விடிந்தால் காரியக்காரர் கேட்பார்: "ராத்திரி கொட்டாயிக்குப் போனியாடா? அதான் கண்ணு சொருகுது." இந்தக் கேள்வி சாதாரணமானதல்ல. வேலைக்குப் பிந்தினால் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த ஜில்லா இது. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் விவசாயச் சங்கம் கட்டிப் போராடிய பிறகு, 1944ல் மன்னார்குடி ஒப்பந்தத்தில்தான் அந்தத் தண்டனைகளைக் கைவிட மிராசுதார்கள் ஒப்புக்கொண்டார்கள். 1952ல் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. சாட்டை இறங்கிய பிறகுதான் இரண்டாம் ஆட்டம் கைக்கு வந்தது. சினிமா தானாக ஜனநாயகத்தைக் கொண்டுவந்தது என்று எழுதுகிறவர்கள், அதற்கு முன்னால் செங்கொடி நடந்த தூரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அரசியல் சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 15ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். கிணறு, குளம், படித்துறை, சாலை இவற்றோடு கடை, உணவுவிடுதி, பொதுக் கேளிக்கை இடம் ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறது. குடிதண்ணீருக்குப் பக்கத்தில் கேளிக்கையை வைத்தார்கள். அம்பேத்கர் தலைமையில் வரைவான சட்டம் இது. 1955ன் தீண்டாமைக் குற்றச் சட்டமும் கேளிக்கை இடத்தில் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 'சோத்துக்கே வழியில்ல, சினிமா ஒரு கேடா' என்று நம் தோழர்களே சிலர் சொல்வதுண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

சட்டம் இருந்தும் கொட்டகைக்குள் கோடு இருந்தது. தரை, பெஞ்சு, சேர். கையில் காசு வந்த பின் பெஞ்சு டிக்கெட் வாங்கிய எங்கள் பையனைத் 'தரைக்குப் போ' என்று எழுப்பிவிட்ட கொட்டகை உண்டு. அவன் எழவில்லை. அன்றைக்குப் படம் பாதியில் நின்றது. அடுத்த வாரம் சேரியிலிருந்து நாற்பது பேர் பெஞ்சு டிக்கெட் எடுத்தோம். அதற்குப் பிறகு யாரும் எழுப்பவில்லை.

இன்னொரு ராத்திரியும் இருக்கிறது. 1968 டிசம்பர் 25. உலகமே கிறிஸ்துமஸ் கொண்டாடிய ராத்திரியில் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலியை உயர்த்திக் கேட்டதும் சங்கத்தில் இருந்ததும்தான் குற்றம். அதன் பிறகுதான் கணபதியாபிள்ளை கமிஷனும் 1969ன் நியாயக் கூலிச் சட்டமும். டெல்டாவில் இருட்டிய பிறகு வெளியே போவது எங்களுக்கு வெறும் பொழுதுபோக்கல்ல. பயத்தை மீறுவது.

நகரத்துக்குப் போனால் இதெல்லாம் கரைந்துவிடும் என்று நம்பினோம். 2023 மார்ச் 30 அன்று சென்னை கோயம்பேட்டில் ரோகிணி திரையரங்கில் 'பத்து தல' படத்துக்கு நரிக்குறவர் சமூகத்துப் பெண்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். கையில் டிக்கெட் இருந்தது. வாசலில் மறித்தார்கள். அந்தக் காட்சி ஊரெங்கும் பரவியதும், படத்துக்கு யு/ஏ சான்றிதழ், சின்னப் பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. பிறகு உள்ளே விட்டது. யு/ஏ என்றால் பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்றுதான் பொருள். பெரியம்மாவுக்கு நாலணா இல்லை. இவர்களிடம் காசும் இருந்தது, டிக்கெட்டும் இருந்தது. அப்படியானால் வாங்கும் சக்திக்கு மேலே இன்னும் ஏதோ வாசலில் நிற்கிறது.

நகரத்து ராத்திரிக்கு அடுத்த பக்கமும் உண்டு. கூட்டம் கலைந்த பிறகு குப்பையை அள்ளுகிறவர்கள் யார்? 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்னால் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில்தான் அப்புறப்படுத்தினார்கள்.

ஆனால் மறுக்கப்பட்டதை மட்டும் எழுதிக்கொண்டிருப்பது வரலாறாகாது. மகாராஷ்டிரத்தில் தமாஷாவை மாற்றி அம்பேத்கரிய ஜல்சா ஆக்கினார்கள். ராத்திரிக் கூத்தே அரசியல் பள்ளிக்கூடமானது. இங்கே 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. சாவு வீட்டுக்கு ஒதுக்கிய கானாவையும் பறையையும் கொண்டாட்டமாகக் கேட்க ஆயிரக்கணக்கில் வந்தார்கள். சனிக்கிழமை ராத்திரி. யாருக்காகவோ கண்விழித்த கருவி தனக்காகக் கண்விழித்தது.

ஆகவே ராத்திரியை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இனி நண்பர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. டூரிங் டாக்கீஸ்கள் போய்விட்டன. தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஊர்க் கொட்டகையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், காசுக்கு என்ன விற்றார்கள், எந்த வழியாகத் திரும்பினார்கள், யார் எழுந்திருக்க மாட்டேன் என்றார்கள் என்று உங்கள் ஆயாவிடம் கேளுங்கள். அது பேசுகிறபடியே எழுதுங்கள்.