திண்ணைப் பள்ளி முதல் வகுப்பறை வரை: செங்கல்பட்டுச் சீமையில் விகிதக் கணக்கும் அதன் கற்பித்தலும்

ஆய்வுச் சுருக்கம்

தாம்பரம் உள்ளிட்ட சென்னையின் தென்புறநகர்ப் பகுதி முன்னாளில் செங்கல்பட்டுச் சீமையைச் சேர்ந்தது. அச்சீமையில் விகிதக் கணக்கு எவ்வாறு வாழ்வில் வழங்கியது, எவ்வாறு கற்பிக்கப்பட்டது, இன்றைய நடுநிலைப் பள்ளிப் பாடமாக எவ்வாறு உருமாறியது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பழைய முறையின் வலிமை அது பயன்பட்ட சூழலில் இருந்தது; அதன் குறை அதைக் கற்க வாய்ப்புப் பெற்றோரின் எல்லையில் இருந்தது என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: முத்தொகை வினா, எண்சுவடி, திண்ணைப் பள்ளி, செங்கல்பட்டு, விகிதசமம், ஓரலகு முறை

முன்னுரை

மூன்று அளவுகள் தெரிந்திருக்க, நான்காவதைக் காண்பது முத்தொகை வினா. வடமொழிக் கணித நூல்கள் இதைத் திரைராசிகம் என்கின்றன. 499ஆம் ஆண்டைச் சார்ந்த ஆரியபட்டரின் நூலில் இதற்கான விதி உண்டு. 1150இல் பாஸ்கரர் இயற்றிய லீலாவதி நேர், எதிர் ஆகிய இரு வகைகளையும் விரித்துரைக்கிறது. ஐரோப்பிய வணிகர் இவ்விதியைப் 'பொன் விதி' எனப் போற்றினர். தமிழில் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் பொன், நெல், நிலம், கூலி ஆகியவை பற்றிய வினாக்களை இவ்விதியின் துணைகொண்டே பெரிதும் தீர்க்கிறது. இவ்வளவு பரவலான விதி ஒரு வட்டாரத்தில் யாருக்குப் பயன்பட்டது, யாருக்குக் கற்பிக்கப்பட்டது என்னும் வினா தனியே ஆராயத்தக்கது.

களத்துமேட்டில் விகிதம்

கிழக்கிந்தியக் கும்பினி 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்றது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு அங்கு நில அளவை நடத்தினார். அதையொட்டிய ஊர்க் கணக்கு ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன; திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகள் நூலாகவும் வெளிவந்துள்ளன. விளைந்த நெல்லில் கோயில், கணக்குப்பிள்ளை, தலையாரி, தச்சர், கொல்லர், வண்ணார் முதலியோருக்கு உரிய பங்குகள் வகுக்கப்பட்ட முறையை இவ்வகைக் கணக்குகள் காட்டுகின்றன. சுதந்திரம், மேரை என வழங்கிய இப்பங்குகளில் பல, விளைச்சலின் அளவைப் பொறுத்துக் கூடியும் குறைந்தும் அமைந்தன.

விளக்கத்திற்காக ஒரு கணக்கைக் கற்பனையாகக் கொள்வோம். பத்துக் கலத்திற்கு ஒரு குறுணி ஒருவர் பங்கு. விளைச்சல் 85 கலம். ஒரு குறுணி எட்டு நாழி. ஆகவே ஒரு கலத்திற்கு உரியது நாழியில் ஐந்தில் நான்கு பங்கு. தமிழ்க் கீழ்வாய் எண்ணில் இது 'முக்காலே ஒரு மா' (முக்காலும் இருபதில் ஒன்றும்). 85 கலத்திற்கு 68 நாழி, அதாவது எட்டுக் குறுணி நான்கு நாழி. நான்கு குறுணி ஒரு தூணியாதலால், கணக்கன் இதனை 'இரு தூணி நானாழி' என எழுதுவான். இன்று ஓரலகு முறை எனப்படுவது இங்குக் களத்துமேட்டிலேயே நிகழ்வதைக் காணலாம்.

திண்ணைப் பள்ளியின் பாடம்

இத்திறன் திண்ணைப் பள்ளியில் உருவானது. முழு எண்களையும் பின்னங்களையும் பொன்னிலக்கமும், முகத்தலளவைகளை நெல்லிலக்கமும், பெருக்கல் வாய்பாடுகளை எண்சுவடியும், நிலப்பரப்புக் கணக்கைக் குழிமாற்றும் பயிற்றின. முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20), வீசம் (1/16) ஆகியவற்றை மாணாக்கர் உரக்கச் சொல்லி மனனம் செய்தனர். விகிதம் என்றொரு தனிப்பாடம் இருக்கவில்லை. மனத்தில் பதிந்த வாய்பாடும் அளவைகளுக்கு இடையிலான உறவுமே விகித அறிவாக விளைந்தன.

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் 25ஆம் நாள் மாகாணக் கல்வி நிலையைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826 மார்ச் 10ஆம் நாளிட்ட அவரது குறிப்பு 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணவர்களையும் பதிவு செய்கிறது. இவ்வெண்கள் திண்ணைப் பள்ளியின் பரவலுக்குச் சான்றாகின்றன. எனினும், வயலில் உழைத்து நெல்லாகவே கூலி பெற்ற பறையர் முதலிய சாதியாரின் பிள்ளைகள் பெரும்பாலும் அத்திண்ணைகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் அம்மாவட்டப் பறையரின் நிலை குறித்து அளித்த அறிக்கையும், அதன் விளைவாக 1892இல் பிறந்த நில ஒதுக்கீட்டு ஆணையும் அவ்விலக்கலின் ஆழத்தை உணர்த்துவன. அளந்து கொடுப்பவர் கணக்கறிந்தவர். பெறுபவர் அதைச் சரிபார்க்கும் கல்வி மறுக்கப்பட்டவர். பழைய முறையைப் போற்றுவோர் இவ்வுண்மையைத் தவிர்த்துப் பேசுதல் பொருந்தாது.

பாடநூலின் விகிதம்

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கைக்குப் பின் அரசு மானியமும் தேர்வும் வகுப்பு வரிசையும் பள்ளிகளை வேறு வழியில் செலுத்தின. 1957இல் பதின்ம நாணயமும், அடுத்த ஆண்டு முதல் மெட்ரிக் எடைகளும் நடைமுறைக்கு வந்தபோது, கீழ்வாய் எண் வாய்பாட்டின் தேவையும் மறைந்தது. இன்று தமிழ்நாட்டு ஆறாம் வகுப்பில் விகிதமும் விகிதசமமும், ஏழாம் வகுப்பில் நேர், எதிர் விகிதங்களும் பாடமாக உள்ளன. முனை உறுப்புகளின் பெருக்கற்பலனும் நடு உறுப்புகளின் பெருக்கற்பலனும் சமம் என்பது அடிப்படை விதி.

இவ்விதி குறுக்குப் பெருக்கல் என்னும் எளிய செயலாகச் சுருங்கும்போது ஓர் இடர் எழுகிறது. எந்த மூன்று எண்களைக் கொடுத்தாலும் மாணவர் அவற்றைக் கட்டத்தில் இட்டுப் பெருக்கிவிடுவர். அளவுகள் நேராக மாறுகின்றனவா, எதிராக மாறுகின்றனவா, விகிதத்தில் மாறவே இல்லையா என்று கேட்பதில்லை. இக்குறை புதிய முறைக்கு மட்டும் உரியதன்று. பொருள் உணராது வாய்பாட்டை ஒப்பித்த திண்ணை மாணாக்கனுக்கும் இது நேர்ந்திருக்கக்கூடும். ஆனால் கணக்கு வேலையில் அமர்ந்தபின், அவன் முன் நெற்குவியல் இருந்தது. பிழையான விடை உடனே வெளிப்பட்டது. பாடநூல் வினாவுக்கு அத்தகைய சான்று இல்லை.

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பகுதி மாணவர்க்கு அச்சான்று இன்று மனைநிலத்தில் கிடைக்கிறது. பழைய செங்கல்பட்டுக் காணி 57,600 சதுர அடி. ஒரு காணி 24 மனை. ஆதலால் ஒரு மனை 2,400 சதுர அடி. இன்றும் 'கிரவுண்டு' என வழங்குவது இம்மனையே. சதுர அடி விலை மாறாதபோது, பரப்பு இரட்டித்தால் மனையின் விலையும் இரட்டிக்கும். இது நேர் விகிதம். பாதைக்கு இடம் விடாது ஒரு காணியைப் பிரிப்பதாகக் கொண்டால், 2,400 சதுர அடியில் 24 மனைகளும், 1,200 சதுர அடியில் 48 மனைகளும் கிடைக்கும். இது எதிர் விகிதம். முன்னதில் ஈவு மாறாதது; பின்னதில் பெருக்கற்பலன் மாறாதது. 'இங்கு மாறாதது எது?' என்ற வினாவை ஆசிரியர் பெருக்கலுக்கு முன்னரே எழுப்பினால், விதி பொருளோடு மனத்தில் நிற்கும்.

முடிவுரை

செங்கல்பட்டுச் சீமையின் கணக்கு மரபிலிருந்து இரு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, விகிதம் என்பது சூத்திரமாவதற்கு முன் அளவைகளின் உறவாகவே அறியப்பட்டது. அவ்வரிசை கற்பித்தலில் மீட்கத்தக்கது. மற்றொன்று, அவ்வறிவு சிலருக்கே உரியதாக இருந்தவரை, அது பங்கிடும் கருவியாக மட்டுமன்றிப் பங்கைத் தீர்மானிக்கும் அதிகாரமாகவும் விளங்கியது. ஒரே பாடநூல் எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் வந்திருப்பது இந்நூற்றாண்டின் பேறு. களத்துமேட்டின் தெளிவை அப்பாடநூலுக்குள் கொண்டுவருவதே எஞ்சியுள்ள பணி. தமக்கு உரிய பங்கைத் தாமே கணக்கிட்டுச் சரிபார்க்கும் ஆற்றலை எல்லாப் பிள்ளைகளும் பெறும்போதே விகிதக் கல்வி தன் பயனை எய்தும்.